பானெட்டில் எங்கே வெட்டுவது?



இந்த இதழின் அட்டையில் இருக்கும் சின்னச் சிவப்புக் காரைப் பார்த்ததும் எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார்: “ஏன் சார், இவ்வளவு அழகான வண்டியின் பானெட்டைப் போய் இப்படிச் செதில் செதிலாக வெட்டி வைத்திருக்கிறார்கள்?” வெப்பம் வெளியேறுவதற்கு என்று ஒரு வரியில் சொன்னேன். அவர் விடவில்லை. “அப்படியானால் கம்பெனியே வெட்டிக் கொடுத்திருக்கலாமே?” நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போய் இந்த மாதம் ஆசிரியர் பக்கம் முழுவதையும் அந்தச் செதில் திறப்புகளே, அதாவது லூவர்களே, எடுத்துக்கொண்டன. பொறுத்தருள்க.

அட்டையில் இருப்பது மஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா என்றால்தான் தெரியும். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, கூரை மடங்கும், ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ள வண்டி. 2016-இல் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் இவ்வளவு விற்றது வேறில்லை. வார இறுதியில் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இதைத்தான். வாங்கியவர்களில் பலர் ஒரு கட்டத்தில் பானெட்டில் கை வைக்கிறார்கள்.

கம்பெனி ஏன் வெட்டவில்லை என்றால், அதற்குத் தேவை இருக்கவில்லை. முதல் தலைமுறை வண்டியின் 1.6 லிட்டர் எஞ்சின் சுமார் 115 குதிரைத்திறன் தரும். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சக்கரத்துக்குப் போகிறது. ஏறத்தாழ அதே அளவு கூலன்ட் வழியாக ரேடியேட்டருக்கு வெப்பமாக வருகிறது. மிச்சம் சைலன்சர் வழியே போய்விடும். சாதாரணச் சாலையில் இந்த வெப்பத்தை அந்த ரேடியேட்டர் சுலபமாகச் சமாளிக்கும். ஆனால் டர்போ பொருத்தி இருநூறு குதிரைத்திறனைத் தாண்டிவிட்டு, அரைமணி நேரம் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டினால் கணக்கு மாறிவிடும்.

இந்த எஞ்சினுக்குப் பூர்விகமாகவே ஒரு பலவீனமும் உண்டு. முன்சக்கர இயக்கம் கொண்ட மஸ்டா 323-இல் குறுக்குவாட்டில் வைக்கப்பட்ட எஞ்சின் குடும்பம் இது. மியாட்டாவுக்காக நெடுக்குவாட்டில் திருப்பி வைத்தபோது, கூலன்ட் வெளியேறும் தெர்மோஸ்டாட்டை எஞ்சினின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் பம்பும் முன்னால், வெளியேறும் வழியும் முன்னால். ஆகவே கடைசியில் இருக்கும் சிலிண்டருக்குக் கூலன்ட் முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. தடத்தில் ஓட்டுகிறவர்கள் முதல் வேலையாகக் குழாய்களைத் திருத்தி, பின்பக்கம் வழியே கூலன்ட் வெளியேறும்படி மாற்றிவிடுவார்கள். அதையும் செய்த பிறகு சூடு குறையவில்லையென்றால்தான் பானெட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். காற்று வர முன்னால் எவ்வளவு பெரிய வாய் வைத்தாலும், உள்ளே வந்தது வெளியே போனால்தான் அடுத்த காற்று வரும். ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறையில் அதை முழுதாகத் திறந்து வைத்தும் புழுங்குகிறதே, அதே கதைதான். எஞ்சின் அறைக்குள் நுழைந்த காற்றுக்குச் சாதாரணமாக இருக்கும் வழி கீழே மட்டும்தான்: கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இறங்கி வண்டியின் அடிப்பகுதிக்குப் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே வேகமாக ஓடும் காற்றோடு மோதித் தேங்கும். தேங்கிய காற்று பானெட்டை உள்ளிருந்து மேல்நோக்கித் தள்ளும். வேகம் கூடக் கூட முன்சக்கரங்களின் பிடி லேசாகும். பானெட் வழியே காற்றை மேலே விட்டால் சூடும் குறையும், முன்பக்கம் தரையோடு ஒட்டியும் நிற்கும். லூவரின் உண்மையான லாபம் இந்த இரட்டைப் பலன்தான். இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை.

சரி, எங்கே வெட்டுவது? பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

வண்டியின் மூக்கில் மோதும் காற்று ஒரு கணம் நின்றுபோகிறது. அங்கே அழுத்தம் உச்சம். பிறகு மூக்கின் வளைவில் ஏறி பானெட்டின் மேல் திரும்பும்போது வேகமெடுக்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். பானெட்டின் முன்பகுதியில், ஏறத்தாழ முதல் மூன்றில் ஒரு பங்கில், சுற்றுப்புறத்தைவிடக் குறைந்த அழுத்தம் இருக்கும். உள்ளே இருக்கும் காற்றை அது தானாக உறிஞ்சி எடுக்கும். அங்கிருந்து பின்னால் போகப் போக நிலைமை தலைகீழ். முன்கண்ணாடியின் அடியில் காற்று மறுபடி தடுக்கப்பட்டுக் குவிகிறது, அழுத்தம் ஏறுகிறது. உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் போய்ப் பாருங்கள்: வைப்பருக்குக் கீழே கம்பித் தடுப்பு போட்ட ஒரு திறப்பு இருக்கும். உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்குப் புதிய காற்று வருவது அந்த வழியாகத்தான். காற்று உள்ளே புக விரும்பும் இடம் அது.

இது தெரியாமல் உலகமெங்கும் ஒரு மலிவான வைத்தியம் நடக்கிறது. பானெட்டின் பின்பக்கக் கீல்களுக்கு அடியில் நாலைந்து வாஷர்களைச் செருகி, பின்விளிம்பை ஓர் அங்குலம் தூக்கி விடுகிறார்கள். வண்டி சிக்னலில் நிற்கும்போது சூடான காற்று அந்த இடைவெளி வழியே மேலேறிப் போவது உண்மை. ஆனால் வேகமெடுத்ததும் அழுத்தம் மிகுந்த காற்று அதே இடைவெளி வழியே உள்ளே நுழைந்து, ரேடியேட்டர் வழியாக வரும் காற்றுக்கு எதிரே நிற்கும். அமெரிக்காவின் ஷெவ்ரலே கம்பெனி இதே இயற்பியலைப் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்தியது: 1960-களின் இறுதியில் கமேரோ ஸீ/28 வண்டிகளில், முன்கண்ணாடியின் அடியிலிருந்து கார்புரேட்டருக்குக் காற்றை இழுக்கும் அமைப்பை வைத்தார்கள். உள்ளே இழுக்க நல்ல இடம் என்று ஒரு கம்பெனியே தேர்ந்தெடுத்த இடத்தில் வெளியேறும் வாசலை வைப்பது வீண் வேலை. வாஷர் வைத்தியத்தைப் பற்றி என் தீர்ப்பு அவ்வளவுதான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். அளந்து பார்க்க முடியும். மெல்லிய ஒளிபுகும் டியூப் ஒன்றை யூ வடிவில் வளைத்து, பாதிவரை சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையைப் பானெட்டின் மேல், வெட்ட நினைக்கும் இடத்தில், பரப்போடு படிந்திருக்கும்படி டேப்பால் ஒட்டுங்கள். மறு முனை பானெட்டுக்கு அடியில், நேர் கீழே. மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்று முழுதாகத் தடுக்கப்படும்போது எழும் அழுத்தம் சுமார் 47 மில்லிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். ஆகவே மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணாலேயே தெரியும். 50 கிலோமீட்டரில் அது நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி 12 மில்லிமீட்டர் ஆகிவிடும், கவனம். மேலே இருக்கும் முனையின் பக்கம் தண்ணீர் ஏறினால் அந்த இடம் உறிஞ்சுகிறது, வெட்டலாம். இறங்கினால் பிளேடைக் கீழே வையுங்கள். சோதனையை மூடிய தடத்தில் செய்யுங்கள். தண்ணீரைப் பார்ப்பது பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் வேலை, ஓட்டுகிறவருடையது அல்ல. இதோடு கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டி, பக்கத்தில் இன்னொரு காரிலிருந்து படம் எடுத்தால் காற்று எங்கே படிந்து ஓடுகிறது, எங்கே சுழல்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

மியாட்டாவில் இடம் தேர்ந்தெடுப்பது இன்னும் நெருக்கடியான வேலை. முதல் தலைமுறை வண்டியின் முகப்பு விளக்குகள் மேலெழும்பி மூடிக்கொள்பவை. முன் மூலைகள் இரண்டையும் அவை பிடித்துக்கொள்ளும். நடுவில் முன்விளிம்பில் பூட்டு. பானெட் அலுமினியம், அதன் அடியில் விறைப்புக்கு இன்னொரு தகடு, விலா எலும்புகள் போட்டது. அந்த விலாவை வெட்டினால் வேகத்தில் பானெட் துடிக்கும். இக்னிஷன் காயில் எஞ்சினின் பின்கோடியில் இருக்கிறது. நேர் மேலே திறப்பு வைத்தால் முதல் மழையிலேயே பாடம் கிடைக்கும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்கு நேர் மேலே, விலாக்களுக்கு இடையில், ஒரு பட்டை மிஞ்சும். அதிர்ஷ்டவசமாக உறிஞ்சும் இடமும் அதுவேதான்.

ரேடியேட்டர் காற்றை மேலே விடுவதை முறையாகச் செய்து காட்டியது 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். வாயில் நுழையும் காற்று ரேடியேட்டரைக் கடந்து முன்மூடியின் மேலிருக்கும் திறப்பு வழியே வெளியே போய்விடும், வேறெங்கும் அலையாது. விமானக்காரர்கள் இதில் இன்னும் முன்னோடிகள். மெரிடித் என்ற பிரிட்டிஷ் பொறியாளர், ரேடியேட்டரில் சூடாகி விரியும் காற்றைச் சரியான வழியில் வெளியேற்றினால் அது விமானத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளக்கூட உதவும் என்று 1930-களிலேயே எழுதினார். இரண்டாம் உலகப்போரின் பி-51 மஸ்டாங் விமானத்தின் வயிற்றில் தொங்கும் ரேடியேட்டர் கூண்டு அந்தச் சிந்தனையில் பிறந்தது. காரில் தள்ளுமளவுக்கு எதுவும் கிடைக்காது. கேட்க நன்றாக இருக்கும் என்பதால் சொன்னேன்.

இனி வடிவம். லூவரின் வாய் பின்னோக்கித் திறக்க வேண்டும், வெளியேறும் காற்று மேலோடும் காற்றோடு சாய்வாகக் கலக்க வேண்டும். பெரிய ஒற்றைத் திறப்பாக வெட்டினால், அதன் முன்விளிம்பில் ஒரு சிறு நிமிர்ந்த தகட்டை வைப்பதுண்டு; அதன் பின்னால் அழுத்தம் மேலும் குறையும், உறிஞ்சல் கூடும். 1971-இல் பந்தய வீரர் டான் கர்னி தன் காரின் பின்னிறக்கையின் ஓரத்தில் நிமிர்த்தி வைத்த சின்னத் தகட்டின் உறவுக்காரன் இது. உயரம் கூட்டினால் பலனும் கூடும் என்று நினைத்து வளர்த்துக்கொண்டே போகாதீர்கள். காற்றின் எதிர்ப்பும் கூடும். தவிர, சாலையில் ஒருவர் மேல் மோத நேர்ந்தால் அது கத்தி. விளிம்புகள் எல்லாம் மடித்து உருட்டப்பட்டிருக்க வேண்டும்.

தகட்டு வேலை தெரிந்த டிங்கர் மேஸ்திரியிடம் கேட்டால் இன்னொரு சிக்கலைச் சொல்வார். அச்சில் வைத்துக் குத்தும் ஒவ்வொரு லூவரும் சுற்றியுள்ள தகட்டைக் கொஞ்சம் இழுக்கும். ஒரு வரிசை முடிவதற்குள் தட்டையாக இருந்த தகடு வளைந்து நிற்கும். ஆழமாகக் குத்தினால் அலுமினியம் ஓரத்தில் கிழியும். ஜாகுவார் கம்பெனியே 1961-இல் ஈ-டைப்பை வெளியிட்டபோது, முதலில் வந்த சில நூறு வண்டிகளுக்கு லூவர்களைத் தனித் தகட்டில் அடித்துப் பானெட்டில் பற்றவைத்தது. பிறகுதான் பானெட்டோடு சேர்த்தே அடித்தார்கள். அந்தப் பற்றவைத்த வண்டிகளுக்குத்தான் இன்று சேகரிப்பாளர்களிடம் கூடுதல் மவுசு. வீட்டில் செய்கிறவர்களுக்கும் அதுவே நல்ல வழி: லூவர் அடித்த தனித் தகட்டை வாங்கி, பானெட்டில் வெட்டிய திறப்பில் ரிவெட் அடிக்கலாம். முதலில் அட்டையில் மாதிரி செய்து ஒட்டிப் பாருங்கள். முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் செய்து பொருத்தலாமே என்று கேட்கும் இளைஞர்களுக்கு: அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும், மாதிரிக்கு மட்டும் சரி.

பிளேடை எடுப்பதற்கு முன் காசு அதிகம் பிடிக்காத இரண்டு வேலைகள் உண்டு. முன்வாய்க்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்துகளை ஸ்பாஞ்சும் தகடும் வைத்து அடைத்துவிடுங்கள். காற்று எப்போதும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போகத்தான் பார்க்கும். அடுத்து, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. ஆயில் மாற்றும்போது கழற்றி, சோம்பலில் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். மியாட்டாவில் அது இல்லாவிட்டால் வேகத்தில் சூடு ஏறும். பானெட்டை வெட்ட வந்த பலருக்கு இந்த இரண்டிலேயே பிரச்சினை தீர்ந்திருக்கும்.

நம் ஊர்ச் சாலைகளில் ஹேட்ச்பேக் வண்டிகளின் பானெட்டில் கருப்பு பிளாஸ்டிக் லூவர்களை இருபக்க டேப்பால் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். அடியில் ஓட்டை கிடையாது. எனக்கு அது பிடிக்காது. ஆனால் அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. நிஜமாகவே வெட்ட நினைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சாலையில் ஓடும் வண்டியில் கை வைப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். தடத்துக்கென்றே வைத்திருக்கும் வண்டியானால், யூ வடிவ டியூபையும் சாயத் தண்ணீரையும் வைத்து அளந்து பாருங்கள். எந்த இடத்தில், எந்த வேகத்தில், எத்தனை மில்லிமீட்டர் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பானெட்டின் படத்தில் குறித்து அனுப்பினால் அப்படியே பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்