விண்டோஸும் வெண்மையும்

இந்த வாரம் வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி: ஆதி செல்டிக் மொழியில் வெள்ளைக்கு 'விண்டோஸ்', ஆகவே நம் 'வெண்'தான் அயர்லாந்து வரை போயிருக்கிறது. எனக்கு அனுப்பியவர்கள் மூன்று பேர். இருவர் என் மாணவர்கள், அதனால்தான் இந்தப் பதிவு. (கணினி விண்டோஸ் வேறு!)

அந்தச் சொல்லை அக்காலத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. மீட்டெடுத்த சொல் என்பதால் முன்னால் நட்சத்திரக் குறி போடுவார்கள். அதைப் பார்த்ததும் ஊகம்தானே, நாமும் ஊகிக்கலாம் என்று இறங்கிவிடுகிறோம்.

வெள்ளைக்கு ஐரிஷில் 'ஃபியொன்', வேல்ஸ் மொழியில் 'க்வின்'. காதுக்கு ஒட்டவே இல்லை. ஆனால் 'உண்மையான' என்பதற்கு அங்கே 'ஃபீர்', இங்கே 'க்வீர்'. தலைமுடிக்கு 'ஃபொல்ட்', 'க்வல்ட்'. அங்கே ஃப, இங்கே க்வ என்று வரிசையாக வருகிறது. இரண்டுக்கும் மூலம் 'வ'. வியன்னாவின் ரோமானியர் காலப் பெயர் விண்டோபோனா. அதில் அந்த 'வ' அப்படியே இருக்கிறது.

எனக்குப் பிடித்தது இதன் விகுதிதான். ஆண்பாலில் விண்டோஸ், பெண்பாலில் விண்டா, இரண்டும் அல்லாததற்கு விண்டோம். வேல்ஸ் மொழியில் இந்த விகுதிகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. ஆனாலும் வெள்ளை நாய் 'கீ க்வின்', வெள்ளைப் பூனை 'காத் வென்'. பூனை அங்கே பெண்பால். கடைசியில் இருந்த 'ஆ', முன்னால் நின்ற 'இ'யை 'எ'யாக இறக்கிவிட்டுத்தான் உதிர்ந்தது. 'குட்டை'க்கும் அப்படியே: 'பிர்', 'பெர்'. எழுதாத விகுதிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஜெனிஃபர் என்ற பெயரின் முன்பாதி கூட இந்த 'க்வென்'தான்.

இனி நம் 'வெண்'. இதன் அடி வெள்: வெள்ளை, வெள்ளி. ள் திரிந்து ண் ஆனது. விண்டோஸின் அடியோ 'காண்' என்று பொருள்படும் 'வெய்த்' என்கிறார்கள். சமஸ்கிருத 'வித்' அதன் உறவு. அந்த அடிக்கு நடுவே மூக்கொலி செருகப்பட்டது. இரண்டு சொல்லிலும் மூக்கொலி வந்த வழியே வேறு.

1856-இல் கால்டுவெல் திராவிட மொழிகளைத் தனிக் குடும்பம் என்று காட்டியதும் இப்படி ஒலிகளையும் விகுதிகளையும் வரிசையாக ஒப்பிட்டுத்தான். அதைக் கொண்டாடுகிற நாம், அயர்லாந்து என்றதும் அந்த முறையைக் கைவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அனுப்பிய மூவருக்கும் ஒரு வேண்டுகோள். இதே ஒலி மாற்றத்தில் தமிழுக்கும் செல்டிக்குக்கும் பொதுவாக இன்னும் நான்கு சொல் காட்டுங்கள். பதிவை நீக்கிவிடுகிறேன்.