எழுபது கிலோ ஆணும் என் அம்மாவின் சும்மாடும்

உடற்பயிற்சி அறிவியலில் முதுகலை சேர்ந்தவர்கள் முதல் மாதமே மனப்பாடம் செய்யும் எண் ஒன்று உண்டு: 3.5. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவழிக்கும். நடப்பது இதைப்போல் எத்தனை மடங்கு, ஓடுவது எத்தனை மடங்கு, வீடு பெருக்குவது எத்தனை மடங்கு என்று உலகம் முழுக்க இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அந்த 'மனித உடல்' யாருடையது என்பதை நான் வகுப்பில் கேட்கவில்லை, பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 70 கிலோ எடையுள்ள, 40 வயது ஆண் ஒருவருடையது. 2005இல் 769 பேரை அளந்து பார்த்து, இந்த எண் சராசரியாக 35 விழுக்காடு கூடுதலாகக் காட்டுகிறது என்று எழுதினார்கள். தேர்வில் இன்னும் 3.5 என்று எழுதினால்தான் மதிப்பெண்.

நெல்லிவாசல்நாட்டில் அப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. நான் பார்த்து வளர்ந்ததெல்லாம் தலையில் சும்மாடும் அதன்மேல் விறகுக்கட்டுமாக மேட்டில் ஏறும் பெண்களை. விறகு, தண்ணீர்க்குடம், சாமை மூட்டை, பலாப்பழம் எல்லாம் தலையில்தான். பிள்ளை பெற்ற கொஞ்ச நாளிலேயே மறுபடியும் சும்மாடு தலைக்கு ஏறிவிடும். என் அம்மாவுக்குக் கழுத்து வலி எப்போது தொடங்கியது என்று அவருக்கே நினைவில்லை. இதைத்தான் என் ஆய்வேட்டுக்குத் தலைப்பாகக் கொடுத்தேன். "பொண்ணுங்கள வச்சுப் பண்ணா மாசத்துக்கு மாசம் டேட்டா மாறும்மா. காலேஜ் ஃபுட்பால் பசங்க இருபது பேரை எடுத்துக்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார்கள்.

இதைச் சொன்னவர் கெட்டவர் அல்லர். இந்தத் துறை அவருக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் சொன்னார். 2014 முதல் 2020 வரை முக்கியமான விளையாட்டு அறிவியல் இதழ்களில் வெளியான 5,261 ஆய்வுகளை எண்ணிப் பார்த்து, 2021இல் ஒரு கட்டுரை வந்தது. கலந்துகொண்டவர்களில் பெண்கள் 34 விழுக்காடு. ஆண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் 31 விழுக்காடு, பெண்களை மட்டும் வைத்துச் செய்தவை 6 விழுக்காடு. மாதவிடாய் இவர்களுக்குத் தரவைக் கெடுக்கும் தொந்தரவு. உலகில் பாதிப் பேரின் உடல் அப்படித்தான் இயங்குகிறது என்றால், தரவு என்பது அதுதானே?

சரி, சுமை தூக்கும் பெண்களை யாருமே அளக்கவில்லையா? அளந்தார்கள். 1986இல் 'நேச்சர்' இதழில் கென்யாவின் லுவோ, கிகுயூ பெண்கள் சிலரைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்து நடந்தாலும் அவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜனே செலவாகவில்லையாம். உலகமே வியந்தது. ஆப்பிரிக்கப் பெண்கள் சிக்கனமாகச் சுமக்கும் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களா என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார்கள். வலிக்கிறதா என்ற கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2010இல் தென்னாப்பிரிக்காவின் கோசா பெண்களிடம் செய்த ஆய்வுகள், அந்தச் சிக்கனம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தவில்லை, கழுத்துதான் விலை கொடுக்கிறது என்று காட்டின. எங்கள் மலையிலும் அதே வியப்புதான். "மலைக்காரப் பொண்ணுங்களுக்கு இயற்கையிலேயே ஸ்டாமினா" என்று ஓடவைக்க ஆள் தேடி வருகிறவர்கள் சொல்வார்கள். இயற்கை என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் அளக்க வேண்டியதில்லை.

பெண்ணுடலை இந்த அறிவியல் ஆர்வத்தோடு அளக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அவள் ஜெயித்த பிறகு. புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகளான சாந்தி சௌந்திரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். 2014இல் டூட்டி சந்தைத் தடுத்தார்கள். அவர் வழக்காடினார், 2015இல் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது. ஹார்மோன் விதிகளுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட 2017 ஆய்வுக்கு, அதை வெளியிட்ட இதழே 2021இல் திருத்தம் போட வேண்டிவந்தது. 2025 செப்டம்பரிலிருந்து உலக தடகளத்தில் பெண்கள் பிரிவில் ஓட மரபணுச் சோதனை கட்டாயம். பெண்கள் எப்படிப் பயிற்சி செய்தால் காயமில்லாமல் ஓடலாம் என்று பார்க்கப் பணமில்லாத துறைக்கு, இவள் பெண்தானா என்று பார்க்க மட்டும் எங்கிருந்தோ பணம் வருகிறது.

அதனால்தான் சொல்கிறேன், விளையாடப் பெண்கள் வந்தால் மட்டும் போதாது. ஆய்வு செய்ய வர வேண்டும். அதற்கான படி எங்கே? பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரே ஆய்வைச் செய்து முடித்தே முதுகலைப் பட்டம் வாங்கலாம். நமக்கு அந்த இடத்தில் எம்.ஃபில் இருந்தது. ஒன்றிரண்டு வருடம் என்றால் வீட்டில் விடுவார்கள், கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம். அதில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாகப் படித்தார்கள். 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு அதை எடுத்துவிட்டது. முதுகலையின் இரண்டாம் ஆண்டை முழுக்க ஆய்வுக்கே ஒதுக்கலாம் என்று 2024இல் அதே மானியக் குழு வழிகாட்டியிருக்கிறது. ஒதுக்கலாம் என்பதற்கும் ஒதுக்குவதற்கும் இடையில் விடுதிக் கட்டணம், உதவித்தொகை, பெண்களை வைத்து ஆய்வு செய்யச் சம்மதிக்கும் நெறியாளர் எல்லாம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இந்தப் படிப்பில் தெரிந்த எல்லை பி.டி. டீச்சர். பி.டி. டீச்சர் நல்ல வேலைதான், நானும் விண்ணப்பித்திருக்கிறேன். ஆனால் 3.5 தப்பு என்று சொல்லும் அதிகாரம் அந்த வேலையில் கிடையாது.

மலையில் ஆராய்ச்சி எப்படிம்மா முடியும் என்றும் கேட்டார்கள். இதே ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இலிருந்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை மேலே ஏற்ற முடிந்தவர்களுக்கு முதுகில் மாட்டும் ஆக்சிஜன் கருவி ஒன்றைத் திருப்பத்தூர் பஸ்ஸில் ஏற்றி அனுப்ப முடியாதா? தலைப்பை நான் மாற்றவில்லை. விறகுக்கட்டின் எடை, மேட்டின் சரிவு, மாதவிடாய் நாள், எத்தனை பிரசவம், கடைசிப் பிரசவம் முடிந்து எத்தனை நாள், கழுத்து எங்கே வலிக்கிறது என்று படிவம் தயார். ஒப்பீட்டுக் குழு என்ற இடத்தில் அதே ஊர் ஆண்கள், அதே சுமை, அதே மேடு என்று எழுதியிருக்கிறேன்.