புது நகரம் வரட்டும், ஏரியும் இருக்கட்டும்!

வெள்ளம் வருமுன் அணை போடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம்ம தாம்பரம் பக்கத்துக்கு இந்தப் பழமொழி ரொம்பவே பொருந்தும்.

2025 மார்ச் மாத பட்ஜெட்டில், சென்னைக்கு அருகே 2000 ஏக்கரில் புதிய நகரம் அமைப்போம் என்று தமிழக அரசு அறிவித்தது. சிலர் ‘நல்லது, வேலை கிடைக்கும்’ என்கிறார்கள். சிலர் ‘ஐயோ, நிலம் போயிடும்’ என்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கு. ஆனால் வேணுமா, வேணாமா என்பதோடு நாம் நிறுத்தக் கூடாது.

2006-ல் வண்டலூர், கேளம்பாக்கம் பக்கம் துணை நகரம் அமைக்க அரசு திட்டம் போட்டது. விவசாய நிலம் பறிபோகும் என்று எதிர்ப்பு வந்ததால் கைவிட்டாங்க. வயல் தப்பிச்சுதா? இல்லையே! அந்த ரோட்டில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், எத்தனை அடுக்குமாடி! மனை மனையாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். நகரம் வந்துவிட்டது, திட்டம் மட்டும் வரவில்லை.

திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கிப் போச்சு. மக்களைப் படகில் மீட்டாங்க. மழை மட்டும் காரணம் இல்லை. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரித் தண்ணீர் அடையாற்றில் போகிற வழி அது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கால்வாயில் ஓடும். அந்த வழியில் வீடு கட்டினால் தண்ணீர் வீட்டுக்குள்ளதானே வரும்?

முன்கூட்டியே யோசித்துக் கட்ட முடியும். மறைமலை நகரை உருவாக்கியபோது வீட்டுக்குத் தனி இடம், தொழிற்சாலைக்குத் தனி இடம் என்று பிரித்தார்கள். ஆனால் எது முதலில் என்ற வரிசையும் முக்கியம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தப்போ பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோட வந்த ஜனங்கதான் கஷ்டப்பட்டாங்க.

அதனால் என் கருத்து இதுதான். புது நகரத்துக்கு வரைபடம் போடும்போது முதல் கோடு ஏரிக்கும் கால்வாய்க்கும் போடணும். அடுத்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ். நிலம் கொடுத்தவங்களுக்கு அங்கேயே வீடும் வேலையும் தரணும். அதுக்கப்புறம் மாடிக் கட்டடம் கட்டட்டும்.

‘ஏரிக்கு இடம் விட்டால் மனை குறையும், நஷ்டம்’ என்று சொல்வார்கள். வெள்ளத்தில் நனைஞ்சு போன பீரோ, டிவி, சர்டிபிகேட், பாடப் புத்தகம் எல்லாத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கணும் இல்லையா?

நமக்கு ஓட்டு இல்லை. ஆனால் கேள்வி கேட்கலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்துக்கு அம்மா, அப்பாவோடு போங்கள். ‘நம்ம ஊர் ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியா வருது, எந்த வழியா போகுது? அந்த வழி இப்போ திறந்திருக்கா?’ என்று கேட்கச் சொல்லுங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி