ஆங்கில மதிப்பெண் எதை அளக்கிறது?



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என நமது பகுதிச் சாலைகள் எங்கும் டிஜிட்டல் பேனர்கள் முளைத்துவிடுகின்றன. மாணவ மாணவியரின் புகைப்படங்கள், அவற்றின் கீழே மதிப்பெண்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போதும் பேச்சு அதுவே. கணிதத்தில் எவ்வளவு, அறிவியலில் எவ்வளவு, ஆங்கிலத்தில் எவ்வளவு? ஆங்கிலத்தில் 90ஐத் தாண்டிவிட்ட பிள்ளை என்றால் பெற்றோருக்குத் தனி நிம்மதி. இனி எங்கு போனாலும் பிழைத்துக்கொள்வான் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த நிம்மதிக்கு அடிப்படை இருக்கிறதா என்பதை இன்று நாம் சிந்திக்க விரும்புகிறோம். ஏனெனில் அந்த 90 மதிப்பெண் பெற்ற பிள்ளை, பத்தாண்டுகள் ஆங்கிலம் படித்த பிறகும், ஆங்கிலத்தில் யாராவது பேசுவதைக் கேட்டு அதன் பொருளைச் சொல்லும்படி எந்தப் பொதுத்தேர்விலும் கேட்கப்பட்டதில்லை.

மொழித்திறன்கள் நான்கு என்று ஆசிரியர்கள் சொல்வார்கள்: கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு முன்பு இரண்டு தாள்கள் இருந்தன. 2019-20 கல்வியாண்டில் அவை 100 மதிப்பெண்ணுக்கான ஒரே தாளாக்கப்பட்டன. இரண்டு தாளாக இருந்தபோதும் சரி, ஒன்றான பிறகும் சரி, முழுத் தேர்வும் எழுத்துத்தேர்வுதான். சொற்பொருள், இலக்கணம், பாடநூலில் உள்ள உரைநடைக்கும் செய்யுளுக்கும் வினாக்கள், துணைப்பாடக் கதை, கடிதம், மனப்பாடச் செய்யுள் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. கொடுக்கப்பட்ட ஒரு பத்தியையோ கவிதையையோ படித்துப் பதில் எழுதும் பெரிய வினாவுக்கு 8 மதிப்பெண். தாளின் பெரும்பகுதி பாடநூலுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், கைடு வாங்கி ஓராண்டு உருப்போட்ட மாணவர், தான் எழுதுவதன் பொருளை முழுதாக அறியாமலே நல்ல மதிப்பெண் பெற முடியும். இது மாணவரின் குற்றமன்று. கேட்டதற்குப் பதில் தருகிறார், அவ்வளவுதான்.

முதலில் படித்தல் திறனைப் பார்ப்போம். நமது புறநகர்ப் பங்குகள் பலவற்றில் ஆங்கிலத் திருப்பலியும் உண்டு. அதில் வாசகம் வாசிக்க இளையோர் ஆர்வத்துடன் முன்வருகிறார்கள். தடங்கலின்றி, தெளிவான உச்சரிப்போடு வாசிக்கிறார்கள். இறங்கி வந்த பின், பவுல் அந்தச் சபைக்கு என்ன அறிவுரை சொன்னார் என்று கேட்டால் பலர் புன்னகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உரக்க வாசிப்பது ஒன்று, வாசித்ததை விளங்கிக்கொள்வது வேறொன்று. இந்த வேறுபாட்டை நாடு தழுவிய ஆய்வொன்றும் காட்டியிருக்கிறது. 14 முதல் 18 வயது வரையான கிராமப்புற இளையோரிடையே 2023இல் நடத்தப்பட்ட ஏசர் ஆய்வின்படி, ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காட்டினர். அப்படி வாசித்தவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர்கள் 73.5 விழுக்காட்டினரே. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், நூறு இளையோரில் ஏறத்தாழ 42 பேர் மட்டுமே எளிய ஆங்கில வாக்கியத்தை வாசித்துப் பொருளும் சொல்லக்கூடியவர்கள். ஏசர் கேட்டது ஓரிரு எளிய வாக்கியங்கள்தாம், ஒரு முழுப் பக்கம் அல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டுக்கு இதில் பழைய அனுபவம் ஒன்று உண்டு. 15 வயது மாணவர்களின் திறனை அளக்கும் பிசா என்ற பன்னாட்டுத் தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011இல் முடிவு வெளிவந்தபோது, வாசித்துப் புரிந்துகொள்வதில் அடிப்படை நிலையை எட்டிய தமிழ்நாட்டு மாணவர்கள் 17 விழுக்காட்டினர் என்று தெரிந்தது. பங்கேற்ற பகுதிகளின் பட்டியலில் நமது இரு மாநிலங்களும் கடைசி வரிசையில் இருந்தன. அத்தேர்வு ஆங்கில அறிவை அளக்க வந்ததன்று, பொதுவான வாசிப்புத் திறனை அளந்தது. என்றாலும் அது காட்டிய குறை ஆங்கிலத்துக்கும் பொருந்தும். நமது பிள்ளைகள் கண்ட பாடத்திலிருந்து பதில் எழுதப் பழகியவர்கள். காணாத பத்தி ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து நீயே முடிவுக்கு வா என்றால் திகைக்கிறார்கள்.

கேட்டல் திறனின் கதை இன்னும் வேடிக்கையானது. அதை அளக்க முயன்றதே இல்லை என்று சொல்ல முடியாது. பிளஸ் டூ தேர்வு 1200 மதிப்பெண்ணுக்கு நடந்த காலத்தில், மொழிப்பாடங்களின் 200 மதிப்பெண்ணில் 20 மதிப்பெண் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த 20 எப்படி வழங்கப்பட்டது என்பதை அக்காலத்தில் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். வகுப்பறையில் பெயர் கூப்பிட்டு, ஓரிரு கேள்வி கேட்டு, அல்லது அதுவும் கேட்காமல், ஏறக்குறைய எல்லாருக்கும் முழு மதிப்பெண். ஆசிரியரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பக்கத்துப் பள்ளி 20 கொடுக்கும்போது தன் மாணவருக்கு 13 போட எந்த ஆசிரியர் துணிவார்? கட்-ஆஃப் மதிப்பெண்ணை நம்பி ஒரு குடும்பமே காத்திருக்கும்போது உண்மையான மதிப்பீடு செய்வது கொடுமையாகத்தான் தெரியும்.

சி.பி.எஸ்.இ வாரியமும் 2012-13 முதல் கேட்டல், பேசுதல் மதிப்பீட்டைக் கொண்டுவந்து, பின்னர் அதன் வடிவத்தைப் பலமுறை மாற்றியது. பத்தாம் வகுப்பில் அது பள்ளி அளவிலான அகமதிப்பீட்டில் 5 மதிப்பெண்ணாகச் சுருங்கியது.

இதற்கு நேர்மாறான காட்சியைத் தென் கொரியாவில் காணலாம். அங்கே பல்கலைக்கழக நுழைவுக்கான தேசியத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 45 வினாக்கள். அவற்றுள் 17 வினாக்கள் ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுதவேண்டியவை. அந்த நேரத்தில் மாணவரின் காதுக்கு இடையூறு வரக்கூடாது என்பதற்காக, நாடு முழுவதும் ஏறத்தாழ 35 நிமிடங்கள் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன! தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்களும், மீனம்பாக்கத்து விமானங்களும் தலைக்கு மேலே பறக்க, கீழே பாடம் கேட்கும் நமது பிள்ளைகளுக்கு இது கதைபோலத் தோன்றலாம். கொரிய மாணவர்கள் தேர்வினால் படும் மன அழுத்தம் நாம் விரும்பத்தக்கது அல்ல. ஆனால் கேட்டல் என்பது அளக்கப்படவேண்டிய திறன் என்று அந்த நாடு உறுதியாக நம்புகிறது என்பதை மறுக்க முடியாது.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை. பள்ளி கற்றுத்தராததை வீடு கற்றுத்தந்துவிடும். தந்தை கட்டட வேலைக்கும் தாய் வீட்டு வேலைக்கும் செல்லும் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலத்தைக் காதால் கேட்கும் இடம் பள்ளி ஒன்றுதான். அங்கும் ஆங்கிலப் பாடம் தமிழில் விளக்கப்பட்டு, பதில் கரும்பலகையில் எழுதிப் போடப்படுமானால், அப்பிள்ளையின் காது ஆங்கிலத்துக்குப் பழகாமலே பள்ளிக்காலம் முடிந்துவிடுகிறது. குறை வெளியே தெரிவது கல்லூரி முதலாண்டில். பேராசிரியர் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேச, மாணவர் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார். பாடம் கடினம் என்று அவர் நினைக்கிறார். பாடம் கடினமாக இருந்திருக்காது, அது காதில் விழுந்த மொழிதான் கடினம்.

அடுத்து வேலை. நமது பங்குகளிலிருந்து செவிலியர் படிப்புக்குச் செல்லும் பெண்பிள்ளைகள் ஏராளம். அவர்களில் பலர் வெளிநாடு செல்ல விரும்பி, தாம்பரத்திலும் வேளச்சேரியிலும் உள்ள ஐ.இ.எல்.டி.எஸ் பயிற்சி நிலையங்களில் பணம் கட்டிச் சேர்கிறார்கள். அத்தேர்வில் கேட்டலுக்கு 40 வினாக்கள், ஏறத்தாழ 30 நிமிடம், ஒலிப்பதிவு ஒரேயொரு முறைதான் ஒலிக்கும். படித்தலுக்கும் 40 வினாக்கள், 60 நிமிடம். பிரிட்டனின் செவிலியர் பதிவு மன்றம் கேட்டல், படித்தல், பேசுதல் ஆகிய மூன்றுக்கும் 7 என்ற அளவைக் கேட்கிறது, எழுதுதலுக்கு 6.5 போதும் என்கிறது. மருத்துவர் சொல்வதும் நோயாளி முனகுவதும் செவிலியருக்குச் சரியாகக் காதில் விழுந்து விளங்கவேண்டும் அல்லவா? நமது பள்ளித்தேர்வோ எழுத்தை மட்டும் அளக்கிறது. பத்தாண்டுகள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பள்ளியில் கிடைத்திருக்கவேண்டிய பயிற்சியை, 22 வயதில் கடன் வாங்கிப் பெறவேண்டியிருக்கிறது.

அரசு எதுவும் செய்யவில்லை என்பதும் சரியன்று. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டு, அவற்றில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையான மாணவர்களுக்கு ஆங்கில மொழி ஆய்வகப் பயிற்சி கொண்டுவரப்பட்டது. 2025இல் தொடங்கப்பட்ட ‘திறன்’ திட்டம், அதே வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றில் அடிப்படைத் திறன் குறைந்த மாணவர்களைக் கண்டறிந்து தனிப்பயிற்சி தருவதை நோக்கமாகக் கொண்டது. இரண்டும் 9ஆம் வகுப்போடு நின்றுவிடுவதைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் பொதுத்தேர்வு என்னும் நிழல் விழுகிறது. வினாத்தாளில் வராததற்கு நேரம் ஒதுக்க எந்தத் தலைமையாசிரியரும் தயங்குவார்.

அப்படியானால் கேட்டலுக்கும் பொதுத்தேர்வில் மதிப்பெண் வைத்துவிடலாமா? நமக்குத் தயக்கம் உண்டு. மேலே சொன்ன 20 மதிப்பெண்ணின் கதி மீண்டும் நேரலாம். ஒலிபெருக்கி சரியில்லாத பள்ளி, மின்தடை ஏற்படும் ஊர், செவித்திறன் குறைந்த மாணவர் என நியாயமான கேள்விகளும் உள்ளன. அதைவிட, மதிப்பெண்ணுக்காக அல்லாமல் கற்பித்தலுக்காக அளப்பதே முதல் தேவை எனக் கருதுகிறோம். இந்த வகுப்பில் எத்தனை பேருக்குக் காதில் விழுவது விளங்குகிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்தால்தானே மறுநாள் பாடத்தை மாற்ற முடியும்?

அதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். ஐ.சி.எஸ்.இ பத்தாம் வகுப்பில் நீண்டகாலம் பின்பற்றப்பட்ட முறை மிக எளிது. சுமார் 300 சொற்கள் கொண்ட, மாணவர் அறியாத ஒரு பத்தியை ஆசிரியர் இரண்டு முறை வாசிப்பார். முதல்முறை இயல்பான வேகத்தில், இரண்டாம்முறை சற்று நிதானமாக. மாணவர்கள் சிறு குறிப்பு எடுத்துக்கொள்ளலாம். பின்பு சில குறுவினாக்களுக்குப் பதில். மதிப்பிட அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத மற்றொரு ஆசிரியரும் உடன் இருப்பார். இதற்கு ஒரு தாளும் ஒரு குரலும் போதும்.

வினா எப்படி அமையவேண்டும் என்பதில்தான் கவனம் தேவை. தாம்பரம் ரயில் நிலையத்தில் கேட்கும் அறிவிப்பைப் போல ஒன்றை ஆங்கிலத்தில் வாசிப்பதாக வைத்துக்கொள்வோம்: செங்கல்பட்டு செல்லும் மின்தொடர் வண்டி, வழக்கமான நடைமேடைக்குப் பதிலாக இன்று வேறொரு நடைமேடையிலிருந்து, பத்து நிமிடம் தாமதமாகப் புறப்படும். அந்த அறிவிப்பை அப்படியே எழுது என்றால் அது எழுத்துத்தேர்வாகிவிடும். நீ எங்கே போய் நிற்பாய், ஒரு தேநீர் குடிக்க நேரம் இருக்குமா என்று கேட்டால் அது கேட்டல் தேர்வு. பதிலில் எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் குறைக்கக்கூடாது. தொடக்க நிலையில் பதிலைத் தமிழில் சொன்னாலும் ஏற்கலாம், அளப்பது காதைத்தானே! படித்தலும் இப்படியே. மருந்து அட்டை ஒன்றின் ஆங்கில வாசகங்களைக் கொடுத்து, இதைச் சாப்பிட்டால் தூக்கம் வரலாம் என்று எந்த வரி சொல்கிறது, ஆட்டோ ஓட்டும் அப்பா இதை எப்போது சாப்பிடுவது நல்லது என்று கேட்கலாம். விடை அட்டையில் நேரடியாக இருக்காது. படித்ததைக் கொண்டு பிள்ளை சிந்திக்கவேண்டும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு என்ற கல்வியாளர் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் நடத்திய ஆங்கிலம் கற்பித்தல் முயற்சி, இலக்கணத்தை முன்னிறுத்தாமல், வரைபடம் பார்ப்பது, ரயில் நேர அட்டவணையிலிருந்து பயணத்தைத் திட்டமிடுவது போன்ற வேலைகளைக் கொடுத்தே மொழியைப் பழக்கியது. உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சிகளில் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். பிசா தேர்வும் 2025ஆம் ஆண்டுச் சுற்றில், விரும்பும் நாடுகளுக்காக, ஆங்கிலத்தைக் கேட்டல், படித்தல், பேசுதல் வழியாக அளக்கும் தனிப்பகுதியைச் சேர்த்தது. எழுதுதல் அதில் இல்லை.

ஆங்கிலத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவது தமிழுக்கு எதிரானது என்று சிலர் எண்ணலாம். தமிழிலும் கேட்டு, படித்து விளங்கிக்கொள்ளும் திறனை நாம் அளப்பதில்லை என்பதே உண்மை. ஒரு மொழியில் கூர்ந்து கேட்கப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி எளிதாகும்.

நமது மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் பள்ளிகள் இதில் முந்திக்கொள்ளலாம். ஆங்கிலவழிக் கல்வி என்ற பெயருக்காகவே நம்மிடம் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் பலர். அந்தப் பெயருக்கு ஏற்ப, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் மாதம் ஒருமுறை இத்தகைய மதிப்பீட்டை நடத்தி, அதன் முடிவை முன்னேற்ற அறிக்கையில் மதிப்பெண்ணாக அல்லாமல் இரண்டு வரிக் குறிப்பாகப் பெற்றோருக்குத் தெரிவிக்கலாம். பங்குகளில் மாலைநேரப் படிப்பகங்கள் நடக்கும் இடங்களில், கல்லூரி மாணவர் ஒருவர் வாரம் ஒருநாள் ஆங்கில நாளிதழிலிருந்து ஒரு செய்தியை இருமுறை வாசித்து, ஐந்து கேள்வி கேட்டால் போதும். பெற்றோரும் அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது, ஆங்கிலத்தில் என் பிள்ளை எத்தனை மதிப்பெண் என்று கேட்டபின், ஆங்கிலத்தில் சொன்னால் அவளுக்கு விளங்குகிறதா என்றும் ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம். பல ஆசிரியர்கள் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறார்கள்.