ஆச்சி கேட்ட கணக்கு

தேர்தல் முடிந்த மறுநாட் காலையிற் பத்திரிகையைக் கையிலெடுப்போர் முதலிற் பார்ப்பது வென்றவரின் பெயரை. அடுத்துப் பார்ப்பது 'பெரும்பான்மை' என்னுஞ் சொல்லுக்கு எதிரே நிற்கும் இலக்கத்தை. வாசகரை இத்துணை எளிதில் ஏமாற்றுஞ் சொல் பத்திரிகைத் தமிழிற் பிறிதொன்றில்லை என்பது எமது துணிபு.

ஒருவர் தம்மை எதிர்த்தவரிலும் ஆயிரம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றால் 'பெரும்பான்மை 1,000' என்று அச்சிடுவது தொகுதிவாரித் தேர்தற் காலத்து வழக்கம். சபையிற் பாதிக்கு மேற்பட்ட ஆசனங்களைப் பெற்ற கட்சிக்கும் பெரும்பான்மை என்றே பெயர். பாதியை எட்டாவிடினும் ஏனையோரை முந்தி நிற்பதைத் 'தனிப்பெரும்பான்மை' என்றெழுதுவாரும் உளர். மூன்றும் வெவ்வேறு கணக்குகள். முதலாவதை 'மேலதிக வாக்கு' என்று வேறுபடுத்தி எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும். ஆயினும், பழகிய சொல்லை அச்சுக்கூடத்தார் இலகுவிற் கைவிடுவதில்லை.

2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதிப் பொதுத் தேர்தலுக்குப் பின்னர், எம் அயலில் வாழும் ஆச்சி ஒருவர் பத்திரிகையுடன் எம்மிடம் வந்தார். யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்கள். அவற்றில் மூன்று தேசிய மக்கள் சக்திக்கு. ஆனால், அக்கட்சி பெற்ற வாக்குகளோ நூற்றுக்கு 25ஐக் கூட முழுமையாக எட்டவில்லை.

"தம்பி, நாலு பேரிலை ஒராள் புள்ளடி போட்டால் பாதிக் கதிரை எப்பிடி வரும்? கடுதாசிக்காரர் பிழையாய் அடிச்சுப் போட்டினமோ?" என்று கேட்டார்.

பத்திரிகைக்காரர் பிழைவிடவில்லை. பிழை இலக்கத்தில் அன்று, விளக்கம் இன்மையிலேயே இருந்தது. திண்ணையிலிருந்து ஒரு கடிதவுறையின் பின்புறத்திற் கணக்கைப் போட்டுக் காட்டினோம்.

மாவட்டத்தில் முதலிடம் பெறுங் கட்சிக்கு மேலதிக ஆசனம் ஒன்று முதலிலேயே போய்விடும். அக்கட்சி 80,830 வாக்குகளுடன் முதலிடம் பெற்றமையால் அந்த ஒன்று அதற்கே உரியதாயிற்று. எஞ்சியவை ஐந்து. நூற்றுக்கு ஐந்து வீதத்தை எட்டாத கட்சிகளினதும் சுயேச்சைக் குழுக்களினதும் வாக்குகளைக் கழித்துவிட்டு, மீதியை ஐந்தாற் பிரித்தால், ஏறக்குறைய 48,000 வாக்குக்கு ஓர் ஆசனம் என்று வரும். இக்கணக்கின்படி முழுமையாக ஓர் ஆசனம் பெறத்தக்கவர் இருவரே: தேசிய மக்கள் சக்தியும் 63,327 வாக்குகள் பெற்ற தமிழரசுக் கட்சியும். மிஞ்சிய மூன்று ஆசனங்களும் எச்சவாக்குக் கூடியோருக்கு ஒவ்வொன்றாகப் போகும். முதலாவது கட்சியின் எச்சமே யாவரினும் கூடியதாக இருந்தமையால் இன்னுமோர் ஆசனம் அங்கே சென்றது. ஆக மூன்று. மற்றிரண்டும் தமிழ்க் காங்கிரசுக்கும் ஒரு சுயேச்சைக் குழுவுக்குமாயின. போட்டியிட்டோர் தொகை மலிந்திருந்தமையால், கணக்கிலிருந்து கழிக்கப்பட்ட வாக்குகள் மட்டும் ஏறக்குறையக் கால்வாசி!

ஆச்சி கடிதவுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தக் காலத்திலை இந்தச் சில்லெடுப்பு இல்லை, கூட எடுத்தவன் வெண்டான்" என்றார்.

அந்தக் காலமும் அத்துணை நேரானதன்று. 1970ஆம் ஆண்டிலே ஐக்கிய தேசியக் கட்சி நாடளாவிய ரீதியில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியிலும் பார்க்கக் கூடுதலான வாக்குகளைப் பெற்றது. கிடைத்த ஆசனங்களோ 17. குறைந்த வாக்குப் பெற்ற கட்சிக்கு 91. சுதந்திரக் கட்சி இடதுசாரிகளுடன் உடன்பாடு செய்து தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டது ஒரு காரணம். 1960 யூலையிலும் இதே விந்தை நிகழ்ந்தது.

1977ஐ எண்ணும்போது எமக்குச் சிரிப்பு வருவதில்லை. பதிவான வாக்குகளில் நூற்றுக்கு 51 அளவில் பெற்ற கட்சிக்கு 168 ஆசனங்களில் 140 கிடைத்தன. அந்தப் பலத்தைக்கொண்டே 1978இல் அரசியலமைப்பு மாற்றி எழுதப்பட்டது. 1982 டிசெம்பரிற் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு வந்தது; அதே பாராளுமன்றத்தின் ஆயுள் நீண்டது. அடுத்த பொதுத் தேர்தலை நாடு கண்டது 1989இலேதான். 'ஆறில் ஐந்து' என்ற தலைப்பைப் படித்தவர்கள், நாட்டிற் பாதிப்பேர் வேறுவிதமாக வாக்களித்தனர் என்பதையும் உடன் படித்திருந்தால் அந்தப் பலத்தை அவ்வளவு இயல்பானதாக ஏற்றிருப்பார்களா என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

2024இலும் 225 ஆசனங்களில் 159 என்பதே கொட்டை எழுத்தில் வந்தது. மூன்றில் இரண்டுக்கு 150 போதும். ஆதலால் அது பெருவெற்றியே, ஐயமில்லை. செல்லுபடியான வாக்குகளில் அது நூற்றுக்கு 61க்கும் மேல். பதிவு பெற்ற 1 கோடி 71 இலட்சம் வாக்காளரை வைத்துக் கணித்தாலோ நூற்றுக்கு 40 அளவில் நிற்கும். மூன்று இலக்கங்களும் உண்மையே. மூன்றையும் ஒரே பக்கத்தில் அருகருகே அச்சிட நான்கு வரி இடம் போதும். அந்த நான்கு வரியைத்தான் நாம் பத்திரிகையாசிரியர்களிடம் கேட்கின்றோம்.

ஆச்சி எழும்முன் எமது பேனையை வாங்கி, பட்டியலின் அடிப்பக்கத்திலிருந்த ஒரு சின்னஞ்சிறு கட்சியின் பெயருக்குக் கீழே மெல்லக் கோடிட்டார்.

"அப்ப இதுவும் அந்தக் கழிச்ச கால்வாசிக்குள்ளையோ, தம்பி?"

ஆம் என்றோம். பத்திரிகையை நாலாக மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு படலையைச் சாத்திவிட்டுப் போனார்.