கண் டாக்டருக்கு எழுதும் சீட்டு

சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவரானாலும், வெல்டிங் பட்டறையில் நிற்கிறவரானாலும், ஆபீசில் கணக்கு எழுதுகிறவரானாலும், கண்ணில் கோளாறு என்றால் முதலில் போவது பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான். அங்குள்ள பொது டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒரு சீட்டை எடுத்து, "கண் டாக்டரைப் பார்க்கவும்" என்று ஒரே வரி எழுதிக் கொடுப்பார். அத்துடன் அவர் வேலை முடிந்தது. நோயாளியின் அலைச்சல் அங்கேதான் ஆரம்பமாகிறது.

நான் பார்த்த பல சீட்டுகளில் அந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை. எந்தக் கண், எத்தனை நாளாக, பார்வை எவ்வளவு, சர்க்கரை வியாதி உண்டா, இதுவரை என்ன சொட்டு மருந்து விட்டார்கள் என்ற விவரம் ஒன்றும் கிடையாது. கண் டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கவேண்டியிருக்கிறது. நம்மவர்களுக்கு இதில் கூடுதல் சங்கடம் ஒன்றும் உண்டு. கடையில் பேரம் பேச மலையாளம் வருகிறது; வலியை விவரித்துச் சொல்லும் மலையாளம் எல்லோருக்கும் வருவதில்லை. நோயாளிக்காகப் பேசவேண்டிய சீட்டு ஊமையாக இருந்தால் யார்தான் பேசுவது?

எல்லாக் கண் நோயும் ஒன்றல்ல. புரை விழுந்தவர் சில மாதம் பொறுக்கலாம். ஆனால் திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்து, கரும்புள்ளிகள் மிதந்து, ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல் மறைத்தால், அது விழித்திரை பிரிவதன் அறிகுறியாக இருக்கலாம், அன்றே பார்க்கவேண்டும். கண் சிவந்து, கடுந்தலைவலியும் வாந்தியும் வந்தால், வயிற்றுக் கோளாறென்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. உண்மையில் அது கண்ணுக்குள் அழுத்தம் ஏறிய நிலையாக இருக்கக்கூடும். கட்டட வேலையில் சுண்ணாம்போ சிமெண்டோ கண்ணில் தெறித்தால் சீட்டுக்குக் காத்திராமல், முதலில் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவவேண்டும், பிறகுதான் ஆஸ்பத்திரி. இவை அத்தனைக்கும் ஒரே வரிச் சீட்டு கொடுத்தால் எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். அவசரக்காரர் பின்னால் நிற்பார். கண்ணாடி மட்டும் மாற்றவேண்டியவர் முன்னால் நிற்பார்.

ஓ.பி.யில் கூட்டம், டாக்டருக்கு நேரமில்லை என்பார்கள். கூட்டம் உண்மைதான். ஆனால் இதை டாக்டரே செய்யவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 6 மீட்டர் தூரத்தில் எழுத்துப் பலகையை மாட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்வது நர்சால் முடிகிற காரியம். அட்டையில் ஊசித் துவாரம் போட்டு அதன் வழியே படிக்கச் சொன்னால் இன்னும் தெளிவு கிடைக்கும். துவாரத்தின் வழியே நன்றாகத் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடிக் குறைதான். அப்போதும் தெரியாவிட்டால் உள்ளே நோய் இருக்கலாம். ஒரு அட்டைத் துண்டுக்கு என்ன செலவு ஆகிவிடப் போகிறது?

முடியாத காரியமல்ல என்பதற்கு இந்த ஊரிலேயே அத்தாட்சி இருக்கிறது. ஜெனரல் ஆஸ்பத்திரி அருகேயுள்ள நூறாண்டு கடந்த அரசுக் கண்ணாஸ்பத்திரி, 1995-ல் மண்டலக் கண் மருத்துவ நிலையமாக உயர்த்தப்பட்டது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரியின் ஒத்துழைப்புடன், கேரள சுகாதாரத் துறை 'நயனாமிர்தம்' என்ற திட்டத்தை 2018-19 காலத்தில் இந்த ஜில்லாவில் தொடங்கியது. 16 குடும்ப சுகாதார மையங்களில் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்து, சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைக் கையடக்கக் காமிராவில் படமெடுக்க வைத்தார்கள். படம் கம்ப்யூட்டர் வழியாக நிபுணர்களிடம் போகும். அவர்கள் பார்த்து, வரவேண்டியவரை மட்டும் வரச் சொல்வார்கள். இரண்டாம் கட்டத்தில் படத்தைச் சலித்துப் பார்க்கச் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை வியாதி பார்வை மங்கும் முன்பே விழித்திரையைக் கெடுக்கத் தொடங்கிவிடுவதால், வருஷம் ஒருமுறை இப்படிப் பார்ப்பது மிக நல்லது. நம் பக்கத்தில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் கிராமத்துப் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற ஊழியரை வைத்துப் பரிசோதித்து, டாக்டரை வீடியோவில் பேச வைக்கிறது. அநாவசியமாக ஒருவரும் பஸ் ஏறவேண்டியதில்லை.

சர்க்கரை நோயாளிக்குச் செய்ததை மற்றக் கண் நோய்களுக்கும் செய்தால் என்ன? காமிரா எல்லா இடத்துக்கும் உடனே வராது. அச்சடித்த ஒரு படிவம் வரலாமே! இரு கண்ணின் பார்வை, எத்தனை நாளாக, மற்ற வியாதிகள், விட்ட மருந்துகள், இன்றே பார்க்கவேண்டுமா பொறுக்கலாமா என்ற ஐந்து கட்டங்கள் போதும். மருந்தின் பெயரைச் சிறிய விஷயமென்று விட்டுவிடக்கூடாது. கருவிழியில் பூஞ்சைப் புண் உள்ளவர் ஸ்டீராய்டு சொட்டு விட்டிருந்தால் புண் மோசமாகும். அது முதலிலேயே தெரியவேண்டும்.

இன்னொன்று, பதில். ரயில்வேயில் ஒரு ஸ்டேஷன் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர் வாங்கி வண்டியை அனுப்பினால், வண்டி முழுமையாக வந்து சேர்ந்ததென்று அங்கிருந்து தகவல் திரும்பவேண்டும். அதற்குமுன் அந்தப் பாதையில் அடுத்த வண்டியை அனுப்ப முடியாது. அனுப்பிய நோயாளி போய்ச் சேர்ந்தாரா, என்ன கண்டுபிடித்தார்கள் என்று அனுப்பிய டாக்டருக்கு யார் சொல்கிறார்கள்? ஒரு நாள் கூலி போய்விடுமே என்று சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பதில் வரவில்லை என்று தெரிந்தால்தானே அவரைத் தேட முடியும்? நோய் என்னவென்று திரும்பத் தெரிந்தால்தானே அடுத்த சீட்டையாவது டாக்டர் சரியாக எழுதுவார்?

படிவத்தை அச்சடித்துக் கொடுக்க மாநில சுகாதாரத் துறை முன்வரவேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகளும், தொழிலாளர்களை அனுப்பிவைக்கும் கம்பெனி டாக்டர்களும் அதையே பயன்படுத்தலாம். அதுவரை, சீட்டு வாங்கும் வாசகர்கள் கவுண்டரை விட்டு நகருமுன், "ரெண்டு கண் பார்வையையும், எத்தனை நாளைக்குள் போகணும் என்பதையும் எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். வீட்டிலிருக்கும் சொட்டு மருந்துப் புட்டியையும், பழைய கண்ணாடிச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.