மிஷன் உதவி கிளம்பிப் போனால், மலைக் குடும்பத்தின் கையில் என்ன மிஞ்சும்?

கல்வராயன் மலையில் ஒரு கிறிஸ்தவ அமைப்பு அரிசி கொடுக்கிறது, ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறது என்று செய்தி வந்தால் வாட்ஸ்அப் குரூப்களில் இரண்டே பதில்தான். ஒன்று, “சாப்பாடு போட்டு மதம் மாத்துறாங்க.” இன்னொன்று, “கவர்மென்ட் போகாத இடத்துக்கு அவங்கதானே போறாங்க.” இரண்டுமே கொடுப்பவரைப் பற்றிய பேச்சு. வாங்கும் குடும்பத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த உதவி நாளைக்கே நின்றுபோனால் அவர்கள் கையில் என்ன இருக்கும்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மலையில் வறுமை ஏன் இத்தனை ஆழம்?

விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஆனால் மலையின் கதை பழசு. சுதந்திரம் கிடைத்து 29 ஆண்டுகள் ஆன பிறகு, 1976-ல்தான் கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சாலை, பள்ளி, பட்டா எல்லாமே சமவெளியைவிட ஒரு தலைமுறை தாமதம்.

இங்கே பெரும்பான்மை மலையாளி பழங்குடியினர். சாமை, தினை, மரவள்ளி பயிரிடுகிறார்கள். கடுக்காய், புளி சேகரிக்கிறார்கள். இது வருடம் முழுக்கப் போதாது. அதனால் கேரளா, கர்நாடகா தோட்டங்களுக்கு வேலை தேடிப் போகிறார்கள். சிலர் செம்மரம் வெட்டும் கும்பல்களிடம் சிக்குகிறார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் இறந்த 20 தமிழர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக்கிராமத்துக் கூலிகள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 65-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. இந்த இடைவெளியில்தான் மிஷன் உதவிகள் உள்ளே வருகின்றன.

மிஷனரிகள் விட்டுப்போனது என்ன?

பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு மிஷன் புதுசு இல்லை. 1860-களிலேயே டேனிஷ் மிஷன் இங்கே வந்துவிட்டது. திருக்கோவிலூரில் அதன் பெயரில் மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் ஆண் மருத்துவரிடம் காட்ட வழியில்லாமல் இறந்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. அவர் வைத்தியம் மட்டும் பார்க்கவில்லை. 1918-ல் பெண்களுக்கே மருத்துவப் படிப்பைத் தொடங்கினார். அவர் போன பிறகும் டாக்டர்கள் இருந்தார்கள்.

இன்னொரு உதாரணம் செங்கல்பட்டு. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் தலித் மக்களுக்கு நிலமும் மனைக்கட்டும் வேண்டும் என்று 1890 வாக்கில் அரசை நெருக்கினார்கள். கலெக்டர் ட்ரெமென்ஹியர் 1891-ல் அறிக்கை கொடுத்தார். 1892-ல் அரசாணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம். பின்னாளில் அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனது வேறு சோகம். ஆனாலும் மிஷன் கஞ்சித் தொட்டியோடு நின்றிருந்தால், இன்றைக்கு “என் நிலத்தைக் கொடு” என்று கேட்கக்கூட ஒரு காகிதம் இருந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழகத்தில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2002-ல் வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது.

மலையில் பலருக்கும் குழப்பம் தருவது சாதிச் சான்று. மதம் மாறினால் பட்டியல் சாதி அந்தஸ்து போய்விடும். 1950 ஆணைப்படி அது இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டும். பழங்குடி அந்தஸ்துக்கு அப்படி மத நிபந்தனை இல்லை. “சர்ச்சுக்குப் போனா எஸ்.டி. போயிடும்” என்று ஒரு மலையாளிக் குடும்பத்தை மிரட்டுவது இன்றைய சட்டப்படி தவறு. “ஜெபத்துக்கு வந்தாதான் அரிசி” என்பதும் அதே அளவு தவறு. பசியோடு இருப்பவரின் ‘சம்மதம்’ சம்மதமே இல்லை.

திடீரென்று நின்றால்?

கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு இந்தியாவில் சுமார் 1.45 லட்சம் குழந்தைகளுக்கு உதவிவந்தது. வெளிநாட்டு நன்கொடைக்கு முன் அனுமதி வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு விதித்ததால் 2017 மார்ச்சில் கடையைக் கட்டியது. மதமாற்றம் என்பது அரசுத் தரப்பின் சந்தேகம், அமைப்பு மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த மாதம் டியூஷனும் சாப்பாடும் நின்றது குழந்தைகளுக்குத்தான்.

2020 எஃப்.சி.ஆர்.ஏ. திருத்தம் இன்னும் இறுக்கியது. பெரிய அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தைச் சிறிய அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணக்குக் கேட்பது அரசின் உரிமை, சரி. ஆனால் உதவியை நிறுத்தும் அரசு, அந்தக் குழந்தைகளின் பட்டியலை வாங்கித் தன் திட்டத்தில் சேர்க்க வேண்டாமா? அந்தக் கடமையைச் சட்டத்தில் எழுதாமல் விட்டது பெரிய ஓட்டை.

அப்போ எது நல்ல உதவி?

மூன்று சோதனைகள் போதும். ஒன்று: மதம் கேட்காமல், எதிர்பார்ப்பு இல்லாமல் கொடுக்கிறார்களா? இரண்டு: உள்ளூர் ஆட்களுக்குத் திறமை வருகிறதா? கல்வராயன் மலையை ஒட்டிய சித்தேரி மலைப் பகுதியின் சிட்லிங்கியில் 1993-ல் டாக்டர்கள் ரெஜி, லலிதா தம்பதி தொடங்கிய மருத்துவப் பணி மிஷன் அமைப்பு அல்ல. பழங்குடிப் பெண்களையே நர்ஸாகவும் கிராம சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். ஆயிரத்துக்கு 147 ஆக இருந்த சிசு மரணம் 20 வாக்கில் இறங்கியது.

மூன்று: குடும்பத்தின் கைக்கு உரிமைக் காகிதம் வருகிறதா? பெற்றோரை இழந்த அல்லது ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தமிழக அரசின் ‘அன்புக் கரங்கள்’ திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. அதற்கு இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் வேண்டும். பழங்குடிச் சான்று தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். வெள்ளிமலையில் தாலுகா ஆபீஸ் இருந்தாலும் ஃபைல் கள்ளக்குறிச்சி போய்த்தான் வர வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை முறை மலை இறங்குவார்கள்?

மாதம் ஒரு அரிசி மூட்டை இறக்கும் அமைப்பு, அதே வண்டியில் அந்தத் தாயைக் கூட்டிப்போய் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தால், அமைப்பு போன பிறகும் குழந்தைக்கு 18 வயது வரை பணம் வரும். அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது: சான்று கொடுக்கும் முகாமை மாதம் ஒருமுறையாவது மலைக்கே கொண்டுபோக வேண்டும். அது நடந்தால், யார் கொடுக்கும் அரிசியையும் வாங்கவோ வேண்டாம் என்று சொல்லவோ அந்தக் குடும்பத்துக்குத் தெம்பு இருக்கும்.